சகாயராணி நடந்த நான்கு எல்லைகள்

இல்லை, மன்னிக்கவில்லை.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது ஐந்தாறு பேராவது என்னிடம் இதையே கேட்டிருப்பார்கள். கேட்ட தொனியிலேயே அவர்களுக்கு வேண்டிய பதிலும் இருந்தது. கடைசியில் மனசு ஆறியிருக்கும், இல்லையா? நல்ல மனுஷி, மறந்திருப்பாங்க, இல்லையா?

இல்லை. சகாயராணி எதையும் மறக்கவில்லை. யாரையும் மன்னிக்கவில்லை. இதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுதினால் அது வேறு யாருக்கோ எழுதிய அஞ்சலி.

எங்கள் வரலாற்று வட்டத்தின் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். இது ஒரு பக்கத்தில் அடங்காது. மலரைத் தொகுப்பவர் செயலாளர் என்பதால் இது மலரில் வரவும் வராது. ஆகவே உறுப்பினர்கள் எல்லோருக்கும் நேரடியாக அனுப்புகிறேன். உங்களில் பலர் அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே வேனில் வந்தவர்கள். அவர் கட்டிவந்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டவர்கள். அவர் கண்டுபிடித்தது இன்னொருவர் பெயரில் அச்சானபோது கைதட்டியவர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால்: சகாயராணி திருத்துறைப்பூண்டியில் பத்திர எழுத்தராக இருந்தார். நாற்பத்து மூன்று வயது. வார நாட்களில் நிலங்களின் கிரயப் பத்திரம் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் சுவர்களில் கல்வெட்டு படிப்பார். ஆலங்கரைச் சிவன் கோயிலின் பின்சுவரில் உள்ள நிலதானக் கல்வெட்டை முதலில் படித்தவர் அவர். அது இன்று எங்கள் செயலாளரின் பெயரில் ஒரு புத்தகமாக இருக்கிறது.

*

செய்தி வந்தபோது நான் கல்லூரியில் தேர்வு அறைக் கண்காணிப்பில் இருந்தேன். கைபேசியைப் பார்க்கக் கூடாது. பார்த்தேன். வட்டத்தின் வாட்ஸப் குழுவில் செயலாளரின் செய்தி. மேலே ஒரு குத்துவிளக்குப் படம்.

"நமது வட்டத்தின் களப்பணிகளுக்கு உறுதுணையாக இருந்த திருமதி சகாயராணி இயற்கை எய்தினார். ஓம் சாந்தி."

ஒரு செய்திக்குள் மூன்று தவறுகள். அவர் உறுதுணை அல்ல. திருமதி அல்ல. ஓம் சாந்தி அல்ல.

கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நானும் ஒன்று போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தக் கைகளை இன்னும் அழிக்கவில்லை. எனக்கு நானே கொடுத்த தண்டனையாக அங்கேயே இருக்கட்டும்.

காலையிலிருந்து தலைவலி என்றாராம். கடையில் ஒரு பத்திரத்தின் சொத்து விவரத்தை அடித்து முடித்துவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்திருக்கிறார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். ரத்தக் கசிவு என்றார்கள். அவருடைய தம்பி மனைவி என்னிடம் சொன்னது: "அந்தப் பத்திரத்துல ஒரு எழுத்து தப்பில்லன்னு பார்ட்டி வந்து சொல்லிட்டுப் போறாங்க. அதச் சொல்லவா வந்தாங்க?"

அதைச் சொல்லத்தான் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

*

அவரை முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயில். எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். செயலாளர் மன்னனின் போர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். முப்பது வருடம் வாய்க்கால்களோடு வேலை பார்த்தவர். நல்ல குரல். மன்னர்களைச் சொந்தக்காரர்களைப்போலப் பேசுவார்.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, ஒரு கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பிச் சுவரின் அடிக்கல்லில் சாய்வாக விழச் செய்துகொண்டிருந்தார். தேய்ந்த எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன. யாரோ ஒருவர் கோலமாவு எடுத்துவந்தார், தடவினால் நன்றாகத் தெரியும் என்று.

"கல்லுக்குப் பவுடர் போடாதீங்க. அத என்ன பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

செயலாளர் அவர் பக்கம் திரும்பி, "என்னம்மா, ராஜா பேரு கிடைச்சுதா?" என்றார்.

"கிடைச்சுது சார். ராஜாவுக்கு இங்க வேலையே இல்ல. தேதி போடத்தான் வந்திருக்காரு."

"அப்ப யாருக்குத்தான் வேலை?"

"விக்கிறவன், வாங்குறவன், நாலு பக்கமும் யாரு நெலம். அவ்வளவுதான். எங்க கடைக்கு வர்ற பத்திரம் மாதிரியேதான் இருக்கு. ஸ்டாம்பு பேப்பர்தான் கல்லு."

எல்லோரும் சிரித்தோம். செயலாளரும் சிரித்தார். இப்போது யோசித்தால் அவர் சிரித்து முடிக்கக் கொஞ்சம் தாமதமானது.

*

ஆலங்கரைக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். மூன்று ஞாயிறுகள். அந்தக் கோயிலின் பின்சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பழைய வாகனங்கள், சாக்குகள், உடைந்த உண்டியல். அதை விலக்கினால்தான் சுவர் தெரியும். சாவி குருக்களிடம் இருந்தது. அவர் சகாயராணி அக்காவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார்.

"நீங்க..."

"மாதா கோயிலுங்க."

"அப்ப வெளிலேர்ந்தே..."

"சாமியப் பாக்க வரலீங்க, சொவத்தப் பாக்க வந்தேன். சொவத்துக்கும் கொட்டாய்க்கும் தீட்டு உண்டுன்னா சொல்லுங்க, போயிடுறேன்."

குருக்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியைக் கொடுத்தார். மூன்றாவது ஞாயிறு அவரே ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டு எங்களோடு உட்கார்ந்தார்.

எழுதியிருந்தது இதுதான். ஒரு பெண், கோயிலில் ஒரு விளக்கு எரிய நிலம் கொடுக்கிறாள். நிலத்துக்கு நான்கு எல்லைகள் சொல்லப்படுகின்றன. கிழக்கே ஒரு குளம். மேற்கே ஒரு வாய்க்கால். தெற்கே ஒரு பாதை. வடக்கே இன்னொருவர் நிலம். அவ்வளவே. யாரும் எங்கும் பதிவு செய்யாத கல்வெட்டு. அக்கா சொல்லச் சொல்ல நான் மடிக்கணினியில் அடித்தேன். கடைசி வரியை அடித்து முடித்ததும் அவர் கைக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பொம்பள பேர ஆயிரம் வருசத்துல நாமதான் மொதல்ல வாசிக்கிறோம்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு நான் செய்தது.

செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். ஆலங்கரைக் கல்வெட்டை வட்டத்தின் இதழுக்குப் பார்க்கலாமே, நீங்கள் அடித்த கோப்பை அனுப்புங்கள் என்றார். அக்காவிடம் கேட்கவேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை. செயலாளர் தொகுக்கும் அடுத்த இதழில் என் கட்டுரை ஒன்று வரவிருந்தது. அது மட்டும்தான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. அனுப்பினேன். என் கட்டுரை வந்தது.

இரண்டு மாதம் கழித்து, தஞ்சாவூரில் நடந்த மாதக் கூட்டத்தில் செயலாளர் பேசினார். தலைப்பு: ஆலங்கரையில் நான் கண்ட கல்வெட்டு. திரையில் நான் அடித்த வரிகள். அதே வரிசை, அதே அடைப்புக்குறிகள். அந்த நிலத்துக்கு அழகாக ஒரு படம்கூட வரைந்திருந்தார். நீளமான ஒரு பெட்டி, நான்கு பக்கமும் அம்புக்குறி.

அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தார். எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

நீங்களும் அங்கே இருந்தீர்கள். ஆலங்கரைக்கு யார் போய்வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வேனில் அவரே உங்களிடம் சொல்லியிருந்தார். ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை. நான் தூக்கினேனா என்று கேட்கலாம். இல்லை.

திரும்பும்போது ஒரே பேருந்து. வழியில் யாரோ இறங்கிவிட்டதைப்போல எங்கள் நடுவே ஒரு இருக்கை காலியாகவே வந்தது என்றெல்லாம் எழுதத் தோன்றுகிறது. அப்படி எதுவும் இல்லை. பேருந்து நிரம்பி வழிந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நின்றோம்.

"நீ அனுப்புனியா?"

"ஆமாக்கா."

 மன்னார்குடியில் நான் இறங்கும்போது, "பாத்துப் போ" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். அந்த வசதியை அவர் எனக்குத் தரவில்லை.

*

அடுத்த வெள்ளிக்கிழமை அழைத்தார்.

"ஞாயித்துக்கெழம ஆலங்கரைக்கு வா. சாட்சி வேணும்."

"எதுக்குக்கா?"

"அவரு ஒரு பெட்டி போட்டுக் காட்டினாருல்ல. அந்தப் பெட்டி எங்க இருக்குன்னு பாக்கணும்."

அவருடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எழுதிய நிலத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்ப்பது. எல்லாப் பத்திர எழுத்தர்களும் செய்வதில்லை. அவர் செய்வார். கிழக்கெல்லையில் தொடங்கி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கவேண்டும். "நாலெல்லை மூடலன்னா அது நெலமில்ல. வெறும் பேச்சு" என்பார்.

அன்று கலியமூர்த்தி என்ற குத்தகைக்காரர் எங்களோடு வந்தார். கோயிலுக்கு வடக்கே உள்ள வயல்கள் அவர் பயிர் செய்பவை. வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. குளம் இல்லை. ஆனால் அக்கா தன் கடைக்கு வந்த ஒரு பழைய தஸ்தாவேஜில் நங்கைக்குளத்து வயல் என்ற பெயரைப் பார்த்திருந்தார். கல்வெட்டில் இருக்கும் குளத்தின் பெயரும் அதுவே.

"நங்கக்குளமா? இதாங்க" என்று கலியமூர்த்தி காலடியைக் காட்டினார். "தூந்துபோயி எங்க தாத்தா காலத்துலயே வயலாயிருச்சு. இப்பவும் மழைக்கு இங்கதான் மொதல்ல தண்ணி நிக்கும்."

அந்த வயல் மேற்கே இருந்தது. வாய்க்கால் கிழக்கே ஓடியது.

அக்கா குளத்து வயலின் வரப்பில் நின்றார். கல்வெட்டின்படி குளம் கிழக்கெல்லை. ஆகவே நிலம் குளத்துக்கு மேற்கே இருக்கவேண்டும். மேற்கே நடந்தார். நான் பின்னால். வாய்க்கால் மேற்கெல்லை, ஆகவே நிலம் வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கவேண்டும். ஆனால் வாய்க்கால் எங்கள் முதுகுக்குப் பின்னால், தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போனார். இப்போது குளம் முதுகுக்குப் பின்னால்.

வரப்பின் மேலேயே நின்றார். நெற்றியில் வியர்வை. முகத்தில் ஒரு சந்தோஷம் மெல்ல ஏறியதைப் பார்த்தேன். நல்ல சந்தோஷம் அல்ல.

"மூடலடி" என்றார்.

கோயிலுக்குத் திரும்பி ஓடினோம். கொட்டகைக்குள் அந்தச் சுவர். இரண்டு கற்கள். சரிசமமான நீளம். அவற்றைச் சுற்றிய பூச்சு மட்டும் மற்றக் கற்களின் பூச்சைப்போல இல்லை. எந்தக் காலத்துத் திருப்பணியிலோ சுவரைப் பிரித்துக் கட்டிய கொத்தனார் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டார். அதனால் கிழக்கெல்லை என்று தொடங்கும் வரி, மேற்கெல்லையின் குளத்தில் போய் முடிந்திருக்கிறது. கற்களை மனத்துக்குள் மாற்றி வைத்துப் படித்தோம். கிழக்கே வாய்க்கால், மேற்கே குளம். போய் மறுபடி நடந்தோம். வாய்க்கால் கரையில் தொடங்கி வாய்க்கால் கரையிலேயே வந்து நின்றோம்.

அந்த நிலத்தில் அப்போது நடவு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

வரப்பிலேயே உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதினார். தேதி, நேரம், நடந்த வரிசை. நான் மடிக்கணினியை எடுத்தேன்.

"அத உள்ள வை. நீ எழுத வேணாம்."

எடுத்ததை உள்ளே வைத்தேன்.

"பாத்தேன்னு மட்டும் கையெழுத்துப் போடு. அதாவது உண்மையா இருக்கட்டும்."

அவருடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு சாட்சிகள் இருப்பார்கள். அது பத்திரம் எழுதும் கையின் பழக்கம். அன்றைய பக்கத்தில் முதல் சாட்சி கலியமூர்த்தி, இரண்டாம் சாட்சி நான். அதற்குப்பின் அவரிடம் எனக்கிருந்த இடம் அதுதான். பேசினார், சிரித்தார், புளிச்சாதத்தில் பங்கு கொடுத்தார். ஆனால் சாகும்வரை என்னை அவர் ஒரு வரிகூடச் சொல்லி எழுத வைக்கவில்லை.

*

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அதன் மெய்ப்புப் படியைச் செயலாளர் அவரிடமே கொடுத்தார். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நீங்க ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா நல்லதும்மா. எல்லை விவரமெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி."

அக்கா அங்கேயே, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழுதும் படித்தார். முன்னுரையில் தன் பெயர் வந்த இடத்தில் ஒரு விநாடி நின்றார். களப்பணியில் உதவிய திருமதி சகாயராணி. ஆலங்கரைப் பக்கத்தில் குளம் கிழக்கே இருந்தது, வாய்க்கால் மேற்கே இருந்தது. பெட்டிப் படமும் இருந்தது. அதையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஒரு கொறையும் இல்ல சார். அப்படியே போடுங்க."

தெருவுக்கு வந்ததும் நான் அவரைப் பார்த்தேன்.

"என்னடி பாக்கற? எதிர்க்கட்சிக்காரன் பத்திரத்த நான் எதுக்குத் திருத்தணும்?"

"அச்சாயிடுமேக்கா."

"ஆகட்டும். அச்சானாத்தான் அழிக்க முடியாது." பிறகு, "எனக்குக் கல்யாணம் வேற பண்ணி வெச்சிட்டாரு. மாப்ள யாருன்னு ஒரு அடிக்குறிப்பு போட்டிருக்கலாம்."

சிரித்துக்கொண்டே பேருந்து நிலையம்வரை வந்தார். அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டீர்கள். வெளியீட்டு விழாவில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தபடி இருந்தார். எவ்வளவு பெரிய மனசு என்று ஒருவர் என் காதில் சொன்னார். பெரிய மனசுதான். அதில் நிறைய இடம் இருந்தது.

ஆலங்கரைக் கோயிலில் கல்வெட்டைப் பற்றி ஒரு தகவல் பலகை வைக்கப்போவதாக அந்த விழாவில்தான் அறிவித்தார்கள். அக்கா என் பக்கம் குனிந்து, "அன்னிக்கு எல்லாரையும் நடக்க வெப்போம்" என்றார்.

பலகைத் திறப்புக்கு ஐந்து வாரம் இருந்தபோது இறந்துபோனார்.

*

திருப்பலியில் செயலாளருக்கு இரண்டு நிமிடம் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். பத்து நிமிடம் பேசினார். எளிமை, அடக்கம், பின்னணியில் இருந்து உழைத்தவர், பெயரை எதிர்பார்க்காதவர். அவருடைய குரல் ஓரிடத்தில் தழுதழுத்தது. அது பொய்யில்லை என்றே நினைக்கிறேன். தான் எடுத்துக்கொண்டதைத் தனக்குக் கொடுக்கப்பட்டதாகவே அவர் நம்பத் தொடங்கியிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவின் தம்பியிடம் அந்தக் குறிப்பேட்டை ஒரு நாளைக்கு மட்டும் கேட்டேன். "எதுக்கு?" என்றார். சொன்னேன். உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். "ரெண்டு நாள்கூட வெச்சுக்க" என்றார்.

*

பலகைத் திறப்பு நாளில் வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்காக.

கோயில் வாசலில் பந்தல். மஞ்சள் துணி போர்த்திய பலகை. சிறப்பு விருந்தினர் ஒரு கல்லூரியின் முன்னாள் முதல்வர், ஆர்வமான பெண்மணி. செயலாளர் சலவை வேட்டியில் இருந்தார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. நான் எழுந்து, மரியாதையாகத்தான் கேட்டேன்.

"சார், திறக்கறதுக்கு முன்னாடி அந்த நிலத்த ஒரு தடவ காட்டுங்களேன். பக்கத்துலதான?"

"இப்ப சேறா இருக்கும்மா..."

"அட, போவோமே!" என்று விருந்தினர் செருப்பைக் கழற்றிவிட்டார். அதற்குமேல் செயலாளரால் மறுக்க முடியவில்லை.

கலியமூர்த்தி வரப்பில் காத்திருந்தார். நான் வரச் சொல்லியிருந்தேன். செயலாளரின் புத்தகத்தைத் திறந்து உரக்க வாசித்தேன். ஒரு சொல் சேர்க்கவில்லை, ஒரு சொல் விடவில்லை. குளத்துக்கு மேற்கு. இருபது பேர் மேற்கே நடந்தார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கு. இருபது பேர் திரும்பி, வரப்பில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே வந்தார்கள். செயலாளரின் வலது கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. இரண்டு பேர் இழுத்து எடுத்தார்கள். அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கப்போவதில்லை.

"அப்ப நிலம் எங்க இருக்கு?" என்றார் விருந்தினர்.

கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டார். "சாருக்கு அந்தப் பக்கமும் நெலம் இருக்கு, இந்தப் பக்கமும் நெலம் இருக்குங்க. நடுவுல உள்ளதுதான் இல்ல. நடுவுல உள்ளது என் குத்தகை. அதத் தொட்டுராதீங்க."

சிரிப்பு. செயலாளர் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "கல்லுல இருக்கறத நான் போட்டிருக்கேன். கல்லு பொய் சொல்லுமா?" என்றார்.

"கல்லு இடம் மாறியிருக்கு சார். முப்பது வருசம் தண்ணி பாத்தவரு நீங்க. ஒரு தடவ நடந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

குறிப்பேட்டைத் திறந்து அக்காவின் பக்கத்தை வாசித்தேன். எந்தக் கல் எங்கே இருக்கவேண்டும் என்பதையும், அவர் நடந்த வரிசையையும். கலியமூர்த்தி முன்னால் போக, எல்லோரும் நடந்தார்கள். கிழக்கே வாய்க்கால் கரை, தெற்கே பாதை, மேற்கே குளத்து வயல், வடக்கு வரப்பு, மறுபடி வாய்க்கால் கரை. மூடியது.

விருந்தினர் குறிப்பேட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை வாங்கி அதிலிருந்த தேதியைப் பார்த்தார். கலியமூர்த்தி எட்டிப் பார்த்து, "இது என் கையெழுத்துதாங்க. அந்தம்மா வாங்கினாங்க. பக்கத்துல இருக்கறது இந்தப் பொண்ணோடது" என்றார்.

"அப்படின்னா உங்க புத்தகத்துல இருக்கற கல்வெட்டு வாசிப்பு யாரோடது?" விருந்தினர் செயலாளரைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லமாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது. சொன்னால் அதில் நானும் இருப்பேன்.

"அதுவும் அவங்களோடதுதாங்க" என்றேன். "அவங்களக் கேக்காம சாருக்கு அனுப்பினது நான்."

 நாற்றுக்குள்ளிருந்து ஒரு கொக்கு எழுந்து போனது. அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொன்ன பிறகு எனக்கு லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அதைக் கேட்கவேண்டியவர் அங்கே இல்லை. அவர் இருந்திருந்தால் நான் செய்ததைவிடக் கொடூரமாகவும் சுருக்கமாகவும் செய்திருப்பார். என்னையும் விட்டிருக்கமாட்டார்.

விருந்தினர் பலகையைத் திறக்காமல் காரில் ஏறினார். சாப்பாடு வந்தது. பாதிப் பேர் சாப்பிட்டார்கள்.

*

இப்போது வட்டத்தில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. செத்தவங்க பேர வெச்சு இப்படிப் பண்ணலாமா? பெரியவர அவமானப்படுத்திட்டாளே. சகாயராணி இருந்திருந்தா இத விரும்பியிருப்பாங்களா?

விரும்பினார். நாள்கூடக் குறித்திருந்தார். அடக்கமானவர் என்று நீங்கள் சொல்லும் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர், தனக்குச் சேரவேண்டியதை ஒரு சாண்கூட விட்டுக்கொடுக்காதவர். ஒருமுறை வேனில் யாரோ அவரிடம், இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குதானே, இதில் பெயர் என்ன வேண்டிக்கிடக்கிறது என்றார். அவர் சொன்னார்: "ஆறு நாளும் அடுத்தவங்க பேர எழுதுறேன். ஏழாம் நாளுதான் எனக்கு."

ஏழாம் நாளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக் கொடுத்தது நான்.

குறிப்பேடுகள் அவர் தம்பியிடம் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும். கைக்கண்ணாடியைத் தம்பி மகள் வைத்துக்கொண்டாள். பொட்டு வைத்துப் பார்க்கிறாள், நல்ல உபயோகம். நான் வைத்துக்கொள்வது அவருடைய பகையை. அதற்கு வாரிசு என்று வேறு யாரும் வரவில்லை. அவர் அதைச் சத்தமில்லாமல், முகம் கோணாமல், தேதி போட்டு வைத்திருந்தார். என்னால் அந்த அளவுக்கு முடியாது. முயற்சி செய்வேன்.

சென்ற வாரம் செயலாளரிடமிருந்து ஒரு தபால் வந்தது. புத்தகத்தின் மீதிப் படிகளில் ஒட்டுவதற்கு ஒரு திருத்தச் சீட்டு, பார்வைக்கு. எல்லைகள் சரியாக இருந்தன. கீழே, கல்வெட்டைக் கண்டறிந்து வாசித்தவர்கள் என்று மூன்று பெயர்கள். அவருடையது முதலில். அடுத்தது சகாயராணி. மூன்றாவது என்னுடையது. ஒப்புதலுக்குக் கையெழுத்திட்டு அனுப்பவும் என்று ஒரு குறிப்பு. வணக்கத்துடன்.

நேற்றுக் காலை, கல்லூரிக்குப் போகும் முன், முதல் பெயரையும் மூன்றாவது பெயரையும் அடித்து, கையெழுத்திட்டு, திருப்பி அனுப்பினேன்.